விரும்பினால் விளம்பரம்

அன்புள்ள ஐயா,

நானும் இன்னும் சில நூறு பேரும் எழுதுகிற தளத்தில் போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. இனி விரும்புகிறவர்கள் தங்கள் பக்கத்தில் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம், வருமானத்தில் ஒரு பங்கு எழுதுபவருக்கு, மீதி தளத்துக்கு. வேண்டாம் என்பவர்கள் பழையபடியே இருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இரண்டு நாளாக ஒரே சண்டை. எழுத்தை விற்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு கூட்டம், சர்வர் வாடகையை நீயா கட்டுவாய் என்று இன்னொரு கூட்டம். விரும்பாதவருக்கு நஷ்டமே இல்லை என்கிறபோது எதற்கு இத்தனை கூச்சல்? நீங்களும் கொஞ்ச காலம் விளம்பரம் வைத்திருந்து எடுத்துவிட்டீர்கள் என்று ஞாபகம். ஏன் எடுத்தீர்கள்? நான் போடலாமா, கூடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் என் ஓட்டைச் சொல்லிவிடுகிறேன். சர்வர் வாடகைக் கட்சிதான் நான். தளம் நடத்துவதென்றால் டொமைனைப் புதுப்பிக்கவேண்டும், பேக்கப் எடுக்கவேண்டும், நள்ளிரவில் ஸ்பாம் வந்து குவிந்தால் யாராவது எழுந்து உட்கார்ந்து அழிக்கவேண்டும். நன்கொடை கேட்டால் வாழ்த்து வரும். (எனக்கு நிறைய வந்திருக்கிறது, வாழ்த்து.)

அதற்காகக் கூச்சல் போடுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. அவர்களில் பழைய ஆட்கள் இருந்தால் லைவ்ஜர்னல் கதை ஞாபகத்துக்கு வந்திருக்கும். 1999இல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் மாணவராக இருந்தபோது தொடங்கிய வலைப்பதிவுத் தளம். விளம்பரம் வராது என்று உறுப்பினர்களுக்கு எழுத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2005இல் சிக்ஸ் அபார்ட் என்ற நிறுவனம் அதை வாங்கியது, 2006இல் உங்களுக்கு வந்த மாதிரியே ஓர் அறிவிப்பு: விளம்பரத்தை ஏற்றுக்கொண்டால் கூடுதல் வசதிகள், வேண்டாமென்றால் பழையபடி. அப்புறம் தளம் மறுபடி கைமாறியது. 2008 மார்ச்சில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு விளம்பரமில்லாத இலவசக் கணக்கு இனிமேல் கிடையாது என்றார்கள். ஒருநாள் முழுக்க எதுவும் எழுதமாட்டோம் என்று உறுப்பினர்கள் வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள். 'விரும்பினால்' என்ற சொல்லுக்கு அங்கே ஆயுள் இரண்டு வருஷம். அங்கே வேலை பார்த்த சிலர் பிறகு ட்ரீம்வித் என்று ஒன்றை 2009இல் திறந்தார்கள், விளம்பரமே கிடையாது, கட்டணக் கணக்கு வைத்திருப்பவர்கள் தரும் பணத்தில் ஓடுகிறது. அப்படியும் நடத்த முடியும் என்பதற்காகச் சொல்கிறேன், எல்லோராலும் முடியும் என்று சொல்லவில்லை.

ஆகவே அறிவிப்பில் நீங்கள் தேடவேண்டியது ஒரு வரியைத்தான். நாளை புதிதாகச் சேருகிறவருக்கு அந்தப் பொத்தான் எந்த நிலையில் இருக்கும்? அணைத்த நிலையில் இருந்து அவராகப் போடுவதா, போட்ட நிலையில் இருந்து அவராகத் தேடிப்பிடித்து அணைப்பதா? அமைப்புகள் பக்கத்துக்குள் போய் எதையும் மாற்றாதவர்கள்தான் நம்மில் பாதிப்பேர், நானும் சேர்த்து. இன்னொன்று, விரும்புகிறவர் எழுதுபவர் மட்டும்தான். வாசிக்கிறவரை யாரும் கேட்கவில்லை, பார்க்கப்போவதோ அவர்.

சரி, நான் ஏன் எடுத்தேன். நண்பர் ஒருவர் கைபேசி ஆப்பில் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொரு ஆப், அதை அடைக்க மூன்றாவது என்று மாட்டிக்கொண்ட கதையை அவர் அனுமதியோடு, பெயரை மாற்றி எழுதினேன். ராத்திரி ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் போனில் திறந்தால், வசூல்காரர்களுக்குப் பயந்து அவர் போனை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவைக்கிற பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்குவதற்குள் பளிச்சென்று ஒரு பச்சைப் பட்டை: ஐந்து நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை. நான் அதை எடுப்பதற்குள் நண்பரும் பார்த்துவிட்டார். 'நல்லாத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கீங்க' என்று ஒரே ஒரு வரி அனுப்பினார்.

இதில் சதி ஒன்றுமில்லை. பக்கம் திறக்கிற நொடிக்குள் அந்த இடத்துக்கு விளம்பரதாரர்களுக்குள் தானியங்கி ஏலம் நடக்கிறது. கட்டுரையில் 'கடன்' என்ற சொல் நிறைய இருக்கிறது என்பதுதான் இயந்திரத்துக்குத் தெரியும், திட்டுகிறேனா புகழ்கிறேனா என்பது அதற்கு அவ்வளவாகப் பிடிபடாது. தவிர, வாசகர் அதற்குமுன் எதைத் தேடினார் என்பதையும் வைத்துப் போடுகிறார்கள். கடனில் தவிக்கிறவர் எங்கே போனாலும் கடன் விளம்பரம் கூடவே வருவது அதனால்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வாரக் கணக்கைப் பார்த்தேன். கடன், காப்பீடு மாதிரி விஷயங்களுக்கு விளம்பரதாரர்கள் அதிகம் கேட்பார்கள், அதனால் அந்த ஒரு கட்டுரை முந்தைய இரண்டு மாதத்தை விட அதிகம் சம்பாதித்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கோப்பைத் திறந்து தலைப்பு அடித்தேன்: 'கடன் வலையிலிருந்து மீள ஏழு வழிகள்'. எனக்கு ஒரு வழிகூடத் தெரியாது. கொஞ்ச நேரம் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அழித்தேன், விளம்பரத்தையும் எடுத்தேன்.

நீங்கள் போடலாமா என்றால், போட்டுப் பாருங்கள். தினமும் காலையில் எண்ணிக்கை பார்க்கிற ஆள் என்றால் மட்டும் வேண்டாம். பணத்தைப் பற்றிப் பெரிய கனவும் வேண்டாம். கூகுளின் ஆட்சென்ஸ் போன்ற விளம்பரச் சேவை என்றால் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 68 அளவில்தான் தளத்தின் கைக்கு வரும், அதிலிருந்துதான் உங்கள் பங்கு. குறைந்தபட்சத் தொகை சேராமல் பணம் அனுப்பவும் மாட்டார்கள்.

தளத்தில் எல்லோரும் ஒரே விளம்பரக் கணக்கின் கீழ் என்றால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். ஆர்வக்கோளாறில் யாராவது தன் விளம்பரத்தைத் தானே அமுக்கினாலோ, 'நண்பர்களே, ஒரு கிளிக்' என்று கேட்டாலோ கணக்கையே முடக்கிவிடுவார்கள், அப்போது விதிப்படி நடந்துகொண்ட நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். சில வகை விளம்பரங்களைத் தடுக்கும் வசதியும் உண்டு. அந்தச் சாவி உங்களிடம் இருக்குமா, நிர்வாகியிடமா?

அறிவிப்பின் முழு வாசகத்தை அனுப்பினால் நானும் படித்துப் பார்க்கிறேன். விதிகளை மாற்றும் உரிமை பற்றி வழக்கமாகக் கடைசிப் பத்தியில்தான் வைப்பார்கள், அதை விட்டுவிடாமல் அனுப்புங்கள்.