அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறோம். 13 வயது மகன் நண்பன் குடும்பத்தோடு வாத்து வேட்டைக்குப் போகக் கேட்கிறான். அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் அவனை மட்டும் அனுப்பாமல், வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். உங்களுக்குத் துப்பாக்கி பிடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. எனக்கும் பிடிக்காது. என் மகள் பள்ளியில், வானில் எறியும் களிமண் தட்டைச் சுடும் டீமில் சேர்ந்தாள் (இந்த மாநிலத்தில் அதற்கென்று உயர்நிலைப் பள்ளி லீகே இருக்கிறது). அங்கிருந்துதான் இந்த ஆசை தொற்றியது. பக்கத்து வீட்டுத் தாத்தா கூட்டிப்போவதாகச் சொன்னார். என் கணவருக்கு விடிகாலை நாலு மணி ஆகவே ஆகாது. அதனால் ஃப்ளாஸ்கில் டீயோடு நான் கிளம்பினேன்.

முதல் வேலை, நண்பனின் அப்பாவிடம் எந்தத் தேதியில் போகிறார்கள் என்று கேளுங்கள். வழக்கமான சீசன் என்றால் நான் வேண்டாம் என்பேன். சீசன் திறப்பதற்கு முன், செப்டம்பர் தொடக்கத்தில், சிறுவர்களுக்கு மட்டும் என்று ஒரு வார இறுதி ஒதுக்குகிறார்கள். 1996இல் நாடு முழுவதும் ஒரு நாளாக ஆரம்பித்தது, 2000இல் இரண்டு நாளானது. இங்கே 17 வயது வரை போகலாம். கூட 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருந்தாக வேண்டும். அந்தப் பெரியவர் அன்று வாத்தைச் சுடக் கூடாது.

இந்தக் கடைசி விதிக்காகத்தான் அந்த வார இறுதியை விடாதீர்கள் என்கிறேன். கையில் துப்பாக்கி இருந்தால் எந்த மனிதரானாலும் கண் வானத்தில்தான் இருக்கும். பையன் குழாயை எந்தப் பக்கம் திருப்புகிறான், விரல் எங்கே இருக்கிறது, குளிரில் உதடு நடுங்குகிறதா என்று யார் பார்ப்பது? சுட வழியில்லாத பெரியவர் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் தாத்தா அன்று முழுக்க என் மகளின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்டோபர் கடைசியில் இதே மனிதர் வேட்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன், அப்போது கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டார்.

இன்னொரு வசதி, செப்டம்பரில் குளிர் கொல்லாது. கொசுதான் கொல்லும்.

பையன் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். 11 வயதிலிருந்தே சேரலாம். சும்மா சடங்குக்கு நடத்தும் வகுப்பு என்று நினைத்துப் போனேன், அப்படி இல்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்டது போலவே நடத்து, சுடத் தயாராகும் வரை விரல் விசைக்கு வெளியே என்று நூறு தடவை சொல்லி, வெளியில் கூட்டிப்போய்ச் செய்தும் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம் துப்பாக்கி. அப்பாவுடைய 12 கேஜைக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள் (கேஜ் என்பது குழாயின் அளவு, எண் குறைந்தால் குழாய் பெரிது). 13 வயதுத் தோளை அது குதிரை உதைத்த மாதிரி உதைக்கும். இரண்டு தோட்டாவுக்குள் பையன் கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பித்துவிடுவான். தோளில் பதிக்கும் கட்டை குட்டையாக உள்ள 20 கேஜ்தான் இந்த வயதுக்குச் சரி. கோடையிலேயே அதை வைத்துத் தட்டு சுட்டுப் பழகியிருக்க வேண்டும். ஏரியில் முதல் தடவையாகத் தூக்குவது ஆகாது.

துப்பாக்கியைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடத் தண்ணீர்தான் பயம். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இருட்டில், சின்னப் படகில், பைகளும் நாயுமாகப் போகிறார்கள். லைஃப் ஜாக்கெட் பையில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த வீட்டார் சிரித்தாலும் பரவாயில்லை.

சுடுவதற்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கும். அதற்கு முன்பே போய், நிஜ வாத்துகளை ஈர்க்கப் பிளாஸ்டிக் வாத்துப் பொம்மைகளை மிதக்கவிட்டு, சம்புப் புல் ஓரமாக மறைந்து உட்கார வேண்டும். தாத்தா கடைசிப் பொம்மையைச் சரியாக 30 கஜத்தில் போட்டார். “அதற்கு அந்தப் பக்கம் பறப்பது நமக்கு வாத்தே இல்லை” என்றார். பிள்ளைகளுக்குத் தூரம் தெரியாது, உயரத்தில் போவதையெல்லாம் சுட்டுக் காயப்படுத்திவிடுவார்கள். இந்த ஒரு ஏற்பாட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி, எது என்ன வாத்து என்று தெரிவது. படத்தில் பச்சைத் தலையோடு பளபளக்கும் ஆண் மல்லார்ட் செப்டம்பர் தொடக்கத்தில் பெரும்பாலும் பெட்டை போலப் பழுப்பாகத்தான் இருக்கும், பழைய இறகு உதிர்ந்து புது நிறம் இன்னும் வந்திருக்காது. ஆனால் விதியோ ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 வாத்து, அதில் மல்லார்ட் 4, அந்த நாலில் பெட்டை 2, வுட் டக் 3 என்று கணக்குப் போடுகிறது. இந்த எண்கள் மாறக்கூடியவை, அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலை நிறத்தை நம்ப முடியாது, அதனால் இறக்கையைப் பார்க்கப் பழக வேண்டும். ப்ளூ விங்டு டீலுக்கு இறக்கையின் முன்பக்கம் வெளிர்நீலப் பட்டை தெரியும். அன்னத்தையும், லூன் என்ற நீர்ப்பறவையையும் தொடவே கூடாது. சந்தேகம் வந்தால் சுடாமல் விட வேண்டும். என் மகள் அப்படி விட்டதுதான் அதிகம். ஒவ்வொரு தடவையும் தாத்தா “குட்” என்றார். சுட்டு விழுத்தியபோது அதைச் சொல்லவில்லை.

அந்த விழுந்த வாத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அது சாகவில்லை. ஒரு சிறகு ஒடிந்து புல்லுக்குள் நீந்தப் பார்த்தது. தாத்தாவின் லேப்ரடார் பாய்ந்து கவ்வி வந்து கொடுத்தபோது கண் திறந்தே இருந்தது. அவர் பேசாமல் கழுத்தைத் திருகி முடித்தார், இரண்டு நொடி இருக்கும். மகள் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, வாத்தை மடியில் வைத்துக்கொண்டு இறகைத் தடவிக்கொண்டிருந்தாள். கைதட்டல் இல்லை, போட்டோவும் இல்லை. பிறகு அவளாகவே “இன்னொன்று வந்தால் சுடலாமா?” என்று கேட்டாள். உங்கள் பையன் அந்த இடத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லலாம். சொன்னால் உடனே படகைத் திருப்புகிற ஆளா அந்த அப்பா? அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

உயிரைக் கொல்வது சரியா என்றும் உங்களுக்கு ஓடும். நான் செங்கல்பட்டுப் பக்கம். ஆங்கிலேய சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று 1798இல் கலெக்டரிடமே பாதுகாப்பு எழுதி வாங்கிய வேடந்தாங்கல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து இங்கேயும் உண்டு, இங்கே அதைச் சுட அனுமதியும் உண்டு. அது எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் இங்கே ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் வாங்கிக் காப்பதில் வேட்டைக்காரர்களின் பணம் பெரும் பங்கு. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 25 டாலருக்கு டக் ஸ்டாம்ப் என்ற மத்திய அரசின் வேட்டை ஸ்டாம்பை வாங்காமல் சுட முடியாது. 1934இல் ஒரு டாலராக ஆரம்பித்த ஸ்டாம்ப் அது. டாலருக்கு 98 சென்ட் நிலத்துக்கே போகிறது. சுடாதவர்களும் வாங்கலாம், நான் வாங்குகிறேன்.

சமையல் உங்கள் தலையில்தான் விழும். வீடு வந்து சேரும் வரை தலையோ இறகோடு ஒரு சிறகோ உடம்பில் இருக்க வேண்டும், அதிகாரி பார்த்தால் இனம் தெரிய வேண்டுமே. உரித்ததும் விரலால் தடவிப் பாருங்கள். தோட்டாவிலிருந்து சிதறிய ரவை (சின்ன உலோகக் குண்டு) புகுந்த ஓட்டையில் இறகுத் துணுக்கு சிக்கியிருக்கும், அதன் அடியில் ரவை இருக்கும். 1991 முதல் வாத்துக்கு ஈய ரவை தடை என்பதால் பெரும்பாலும் எஃகுதான், கடித்தால் பல் போகும். வுட் டக் ஓக் கொட்டை தின்பது, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் அருமை. மெர்கான்சர் என்று ஒன்று இருக்கிறது, மீன் தின்னி, என்ன மசாலா போட்டாலும் வாடை போகாது. அதைச் சுட வேண்டாம் என்று பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சுட்டதைத் தூக்கிப் போட முடியாது, நீங்கள்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.