எண்ணெய்ச் சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். ஆகஸ்டில் அப்பா தவறிவிட்டார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் அப்பாதான். குடில் கட்டுவது, அச்சு முறுக்கு சுடுவது, திறந்த இல்ல உபசரிப்பு அன்று வாசலில் நின்று ஆட்களை வரவேற்பது எல்லாம் அவர் வேலை. இந்த வருஷம் எதுவுமே வேண்டாம் என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒரு வருஷம் கழியாமல் நட்சத்திரம் கட்டக்கூடாது, புதுத்துணி கூடாது என்கிறார் அத்தை. வீட்டில் இருந்தால்தானே ஞாபகம் வரும், எல்லாரும் கேமரன் மலைக்குப் போய்விடலாம் என்கிறான் தம்பி. என் பிள்ளைகளுக்கு 7 வயது, 10 வயது. "தாத்தா இல்லைன்னா குடிலும் இல்லையா?" என்று சின்னவள் கேட்கிறாள். நான் யார் பேச்சைக் கேட்பது?

– ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் அப்பாவுக்காக என் ஜெபம். நானும் கணவரை இழந்தவள். அதனால் உங்கள் அம்மாவின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

"எதுவும் வேண்டாம்" என்று அம்மா சொன்னதை அப்படியே ஒரு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் பல விஷயங்கள் இருக்கும். வாசலில் அவர் நின்ற இடத்தில் யார் நிற்பது என்பது ஒன்று. வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்களே, அதற்கு நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டுமே என்பது இன்னொன்று. அடுப்பங்கரையில் அவர் உட்கார்ந்து அச்சு முறுக்கு சுட்ட முக்காலி கண்ணில் படுமே என்பதும் இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பூசைக்குப் போகலாமா அம்மா? குடில் கட்டலாமா? ஆட்களைக் கூப்பிடலாமா? புதுத்துணி எடுக்கலாமா? நிச்சயம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வராது. சிலதுக்கு வேண்டாம், சிலதுக்கு "பார்க்கலாம்" என்று வரும். பார்க்கலாம் என்று வருவதை விட்டுவிடாதீர்கள்.

அத்தை சொல்வதை முழுக்கத் தள்ளவும் வேண்டாம், முழுக்க ஏற்கவும் வேண்டாம். துக்க வருஷத்தில் நட்சத்திரம் கட்டக்கூடாது, புதுத்துணி போடக்கூடாது என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை. இது நம் தமிழ்க் குடும்பங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம். இந்து வீடுகளில் தீபாவளிக்கு இருப்பது நம் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் இருக்கிறது. வழக்கம் என்பதாலேயே கெட்டதாகிவிடாது. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று ஏன் வைத்தார்கள்? வீட்டுக்காரியை அந்த ஒரு வருஷமாவது அடுப்பிலிருந்து எழுப்பி உட்கார வைக்கத்தான் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பலகாரம் சுட்டு அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்து, இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் அந்த வீட்டில் பட்டினிதான் மிஞ்சும்.

என் கணவர் தவறிய வருஷம் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுக்கு அந்த இரண்டாவது பாதியும் வந்தது. 24ஆம் தேதி மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா, அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடியில் பத்திரிகைத்தாள் விரித்து, பாதிக்கு முறுக்கு, பாதிக்கு அதிரசம். எண்ணெய் இறங்கித் தாளில் எழுத்துகள் மறுபக்கம் தெரிந்தன. "உங்க வீட்டில சட்டி வைக்கக்கூடாதுல்ல, அதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா சூடாக ஒரு தட்டுக் கறிபாப் கொடுத்தனுப்பினார். மூலை வீட்டுச் சீன ஆன்ட்டி மட்டும் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். துக்கம் நடந்த வருஷம் சீனப் புத்தாண்டுக்கு யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள் அவர்கள், அந்த மரியாதையை எங்களுக்கும் கொடுத்தார். நம் நாட்டில் இது எல்லாருக்கும் புரியும், தங்கை. உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அண்டை வீட்டாரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். "இந்த வருஷம் எங்கள் வீட்டில் உபசரிப்பு இல்லை, அப்பா தவறிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்.

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. பாசத்தால்தான் செய்தார்கள், ஆனாலும் சொல்கிறேன். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதையும் தொட விடவில்லை. வெங்காயம் உரிக்கப் போனால் கத்தியை வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லும் வேலை என் கணவருடையது. அன்று அதை என் மைத்துனர் எடுத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவே இல்லை. விதவை என்றால் மேசையின் ஓரத்துக்குப் போய்விட வேண்டும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது?

கிறிஸ்துமஸ் கதையிலேயே ஒரு விதவை வருகிறாரே, கவனித்திருக்கிறீர்களா? லூக்கா 2ஆம் அதிகாரம், குழந்தை இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் இடம். அன்னா என்று ஓர் இறைவாக்கினர். கல்யாணம் ஆகி 7 வருஷம் கணவரோடு வாழ்ந்தார், அப்புறம் விதவை, 84 வயது. கோயிலை விட்டு நீங்காமல் இருந்தவர். குழந்தையைப் பற்றி, எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். டிசம்பர் 30ஆம் தேதி பூசையில் வழக்கமாக இந்த வாசகம்தான் வாசிப்பார்கள். முடிந்தால் அன்று அம்மாவை அழைத்துப் போங்கள். 24 இரவுக் கூட்டமும் வாழ்த்தும் கைகுலுக்கலும் அம்மாவுக்குத் தாங்காது என்றால், வேலைநாள் பூசை இன்னும் நல்லது. கோயில் அலுவலகத்தில் அப்பா பெயரில் பூசைக் கருத்து, அதாவது அவருக்காகப் பூசையில் ஜெபிக்கச் சொல்லும் வேண்டுதல், எழுதிக் கொடுங்கள். டிசம்பரில் நிறையப் பேர் கொடுப்பார்கள், முன்னாலேயே போய்விடுங்கள்.

உபசரிப்பை இந்த வருஷம் நிறுத்துவது எனக்குச் சரியாகவே படுகிறது. நம் நாட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரே நாள் பொது விடுமுறை. அந்த ஒரு நாளுக்குள் பூசை, சமையல், விருந்தாளிகள் என்று எல்லாவற்றையும் அடக்குவது எந்த வருஷமும் கஷ்டம்தான், துக்க வருஷத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் கிறிஸ்துமஸ் காலம் 25ஆம் தேதியோடு முடிவதில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடிலை வைத்திருக்கிற வீடுகள் நிறைய. அந்த நாட்களில் அம்மாவுக்கு வேண்டியவர்கள் ஒருவர் இருவராக வரட்டும். அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்தவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் உங்களுக்குத் தெரியாத அப்பா கதைகள் இருக்கும்.

இனி குடில். சின்னவள் கேட்ட கேள்வி உங்கள் கடிதத்திலேயே பெரிய கேள்வி. தாத்தா இறந்ததால் இயேசு பாலனும் வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு குழந்தை புரிந்துகொண்டால் அதை அப்புறம் திருத்துவது கஷ்டம். குடில் கட்டுங்கள். அப்பா எந்த மூலையில் வைப்பார், வைக்கோலை எப்படிப் பரப்புவார், ஆட்டிடையர் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் பாட்டியிடம் கேட்கட்டும். பாட்டி அழுவார், அழட்டும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. 24 இரவு பாலன் சுரூபத்தை எடுத்துக் குடிலில் வைப்பது அம்மாவாக இருக்கட்டும். ஜெபத்தையும் அம்மாவே சொல்லட்டும். முடியாது என்றால் பக்கத்தில் நின்று நீங்கள் முடித்து வையுங்கள். நட்சத்திரத்தை அத்தைக்காக வெளியில் கட்டாமல் குடிலுக்கு மேலே உள்ளே கட்டிவிடுங்கள். அத்தையும் அண்ணனை இழந்தவரோ, தம்பியை இழந்தவரோதானே. அவர் சொன்னதிலும் ஏதோ ஒன்று நடக்க வேண்டும்.

அச்சு முறுக்கை மட்டும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். அதில் கைப்பழக்கம் நிறைய. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும், விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழன்று வராது. முதல் ஐந்தாறு எப்படியும் உடையும். உடையும்போது "அப்பா இருந்திருந்தால்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அடுத்த வருஷம் பெரிய பிள்ளையின் கையில் அச்சைக் கொடுங்கள். அப்போது உடைந்தால் சிரிக்கலாம்.

தம்பி விஷயம். ஞாபகம் வராத இடத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாம் என்று அவர் நினைப்பது அவருடைய துக்கம். அவரும் அப்பாவை இழந்த பிள்ளை, வீட்டுக்குள் நுழைய அவருக்குப் பயம். அதை அம்மா பெயரில் சொல்கிறார். திட்டாதீர்கள். ஆனால் பண்டிகை நாளில் ஹோட்டல் அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அம்மாவுக்கு வீட்டைவிடப் பாரம். 25 காலை அப்பாவின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும் வேலையைத் தம்பியிடம் கொடுங்கள், வண்டியை அவரே ஓட்டட்டும். கேமரன் மலைக்கு ஜனவரியில் போகலாம் என்று சொல்லுங்கள். இன்றைக்கே பேசிவிடுங்கள், அவர் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

அன்புடன்,
அக்கா