ஸ்டியரிங் சூடாகவில்லை: 1,400 டொலர் கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். காருக்கு ஏழு வயது. இந்தக் குளிருக்கு ஸ்டியரிங் சூடாவது நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. பத்து விநாடிக்குள் தானாக அணைந்துவிடுகிறது. சீற் சூடாகிறது, ஹோர்ன் அடிக்கிறது, எயார்பாக் விளக்கு எதுவும் எரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் தன் ஆளிடம் கேட்டுவிட்டு, "முழு ஸ்டியரிங்கும் கிளொக் ஸ்பிரிங்கும் (ஸ்டியரிங்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா) மாற்ற வேண்டும், 1,400 டொலர், காசாகத் தந்தால் எச்எஸ்ரி (விற்பனை வரி) இல்லை" என்கிறார். கொடுக்கலாமா? அல்லது காணொளி பார்த்து என் கணவரே கழற்றிச் செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காரைக் கண்ணாலும் பார்க்காமல் இரண்டு பாகம் போய்விட்டது என்று போனில் சொன்னவரிடம் காசு கொடுக்கவே வேண்டாம். கணவர் ஸ்டியரிங்கைக் கழற்றுவதும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. விளக்கு எரிகிறது என்றால் சுவிட்சுக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பெரும்பாலும் மின்சாரம் போகிறது. சில விநாடியில் அணைகிறது என்றால், அந்தப் பெட்டி சூடேற்ற முயன்று, ஏதோ சரியில்லை என்று கண்டு, தானே நிறுத்துகிறது. விளக்கே எரியாமல் இருந்தால் பியூஸ், சுவிட்ச் என்று தேடத் தொடங்குவோம். உங்கள் காரில் முதல் சந்தேகம் ஸ்டியரிங் வளையத்தின் தோலுக்கு அடியில் இருக்கும் சூடேற்றும் கம்பியிலோ, அதன் பக்கத்தில் இருக்கும் வெப்ப உணரியிலோ விழுகிறது.

அந்தக் கம்பி மிக மெல்லியது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கை அழுத்திப் பிடிப்பதால் அறும். கார்த் திருட்டுக்குப் பயந்து ரொறன்ரோப் பக்கத்தில் பலர் இப்போது இரும்புப் பூட்டுத் தடி போடுகிறார்கள். அதன் கொக்கி தினமும் ஒரே இடத்தில் தோலை அமுக்கினால் உள்ளே உள்ள கம்பியும் நசுங்கக்கூடும். பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கொக்கி படும் இடத்தில் தடித்த துணி ஒன்றைச் சுற்றுங்கள். ஸ்டியரிங்குக்குத் தடித்த உறை போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். உறைக்குள் சூடு அடைபட்டு, உணரி "போதும்" என்று நிறுத்திவிடும், உங்கள் கைக்கு எதுவும் வந்து சேராது. இன்னொன்று: ரொயோட்டா, சுபாரு போன்றவற்றின் சில மாடல்களில் வளையம் முழுவதும் சூடாவதில்லை, கை பிடிக்கும் இரண்டு பக்கமும் மட்டுமே. மேலும் கீழும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பழுது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம்: பற்றரியை அளக்கலாம். சீற் சூடாகிறதே, பற்றரியில் என்ன குறை இருக்கப்போகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இன்றைய கார்கள் பற்றரி பலவீனமானால் வசதிக்கான சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும் என்றில்லை. சில கார்களில் ஸ்டியரிங் முதலில் போகும், சீற் பிறகு போகும். சைபருக்குக் கீழே பதினைந்து பாகைக் குளிரில், வீட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று ஐந்து நிமிட ஓட்டங்கள் மட்டுமே ஓடும் காரில் பற்றரி ஒருநாளும் முழுதாக ஏறாது. இரவு முழுக்க நின்ற காரில், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் என்றால் முழுதாக ஏறியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் ஸ்டியரிங்கைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம், பற்றரியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.7க்கும் இடையில் காட்டினால் பெரும்பாலும் பிழையில்லை; சில புதிய கார்கள் பற்றரி நிறைந்தபின் வேண்டுமென்றே குறைத்தும் வைக்கும். மீற்றர் இல்லையென்றால் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். அப்போது சூடானால் கோளாறு பெரும்பாலும் ஸ்டியரிங்கில் இல்லை. அண்மையில் பற்றரி மாற்றியிருந்தீர்களா? சில கார்களில் புதிய பற்றரி போட்டதைக் கணினிக் கருவியால் காருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால், பழைய பற்றரிதான் இருக்கிறது என்று எண்ணி கார் தொடர்ந்து சிக்கனம் பிடிக்கும். புதுப் பற்றரி போட்டபின் இந்தத் தொல்லை தொடங்கியதென்றால், போட்டுத் தந்தவரிடம் இதைக் கேளுங்கள்.

பியூஸையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில், எத்தனை அம்பியர் என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர். எரிந்திருந்தால் அதே அளவில் ஒன்று போடுங்கள், அதற்குமேல் கூடாது. அதுவும் உடனே எரிந்தால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது. பெரிய பியூஸ் போட்டு வேலை செய்ய வைத்தால் சூடாவது ஸ்டியரிங் அல்ல, வயர். வளையத்தில் ஓரிடம் மட்டும் கையைச் சுடும் அளவுக்கு வந்தாலோ, கருகல் மணம் வந்தாலோ, அந்தப் பியூஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை ஓட்டுங்கள்.

இதற்குமேல் ஸ்டியரிங்கைத் திறக்காமல் முடியாது. திறப்பது என்றால் எயார்பாக்கைக் கழற்றுவது. பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிட்டு, குறைந்தது 3 நிமிடம், கையேடு கூடச் சொன்னால் கூடுதலாக, காத்திருக்காமல் தொடவே கூடாது. எயார்பாக்கின் மஞ்சள் கனெக்டரில் மீற்றரையோ சோதனை விளக்கையோ வைத்தால் எயார்பாக் வெடிக்கக்கூடும். முகத்துக்கு நேரே இருக்கிறது அது. எயார்பாக்கைக் கழற்றிய நிலையில் சாவியைப் போட்டால் பிழைக் குறியீடு பதிந்து, எச்சரிக்கை விளக்கு அணையாமல் நிற்கும். அதை அழிக்கக் கருவி வேண்டும். கிளொக் ஸ்பிரிங் என்பது ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழலும் சுருள் நாடா. நடுநிலை தவறி மாட்டினால், முழுதாக ஒருபக்கம் திருப்பும் முதல் தடவையிலேயே அறக்கூடும். ஹோர்னும் எயார்பாக்கும் அதோடு போகும். உங்கள் கணவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இது கராஜில் செய்யும் வேலை.

ஆனால் கராஜில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சூடேற்றும் கம்பியின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு தடித்த வயர்களுக்கிடையே ஓம் (மின்தடை) அளக்க வேண்டும். நல்ல கம்பி சில ஓம் மட்டுமே காட்டும். அறுந்திருந்தால் மீற்றர் எல்லையில்லை என்று காட்டும். உணரியின் இரண்டு மெல்லிய வயர்களில் பொதுவாக ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். உள்ளங்கையால் அந்த இடத்தைச் சூடாக்கினால் எண் குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டும் சரியென்றால்தான் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் கிளொக் ஸ்பிரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் ஹோர்ன் வேலை செய்வதால் கிளொக் ஸ்பிரிங் முழுதாகப் போகவில்லை. சூடேற்றுவதற்கான தடம் மட்டும் அதில் எரிந்திருக்கலாம், அது நடப்பதுதான். நேராக ஓடும்போது சூடாகி, திருப்பும்போது நின்றால் அதன் அடையாளம். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே அளந்து பார்க்காமல் இரண்டையும் மாற்றுவது உங்கள் காசில் ஊகம் செய்வது.

கம்பிதான் போயிருக்கிறது என்று அளந்து காட்டினால், பெரும்பாலும் வளையத்தையே மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் பல தயாரிப்பாளர்கள் அந்தக் கம்பியைத் தனியாக விற்பதே இல்லை. சில டொலர் பெறுமதியான ஒரு கம்பிக்காகத் தோல் சுற்றிய முழு வளையத்தையும் வாங்க வைப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் வளையம் மட்டும்தான். எயார்பாக்கும் சுவிட்சுகளும் உங்களுடையதையே மாற்றிப் பூட்டலாம். காரின் வின் இலக்கத்தை (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கொடுத்து, டீலரின் பாகப் பிரிவில் வளையத்தின் விலையை நீங்களே கேளுங்கள். உடைத்த கார்க் கடையில் பழைய வளையம் வாங்கினாலும் பாதகமில்லை, காசு கொடுக்குமுன் அதன் கம்பியை ஓம் மீற்றரில் அளக்கச் சொல்லுங்கள். பழைய எயார்பாக் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

இப்போது அந்தத் "தெரிந்தவர்". நமது சமூகத்தில் இந்த இடைத்தரகு பெரிய நோய். காரைக் கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, அது உங்கள் 1,400 டொலருக்குள்தான் இருக்கிறது. எச்எஸ்ரி இல்லை என்றால் 13 வீதம் மிச்சம் என்று தோன்றும். ரசீதும் இல்லை என்பதுதான் அதன் பொருள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002, கார் திருத்தத்துக்கு எழுத்தில் மதிப்பீடு தரச் சொல்கிறது. இறுதிக் கட்டணம் அதைவிட 10 வீதத்துக்குமேல் கூடக் கூடாது. புதிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை வொறன்ரி உண்டு. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவும் முன்வர வேண்டும். ரசீது இல்லாதவர் இதில் எதை நிரூபிப்பார்? சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கராஜ் மேசையில் அதைச் செயற்படுத்தத்தான் ஒருவரும் வருவதில்லை. வாய் திறந்து கேட்பவருக்கு மட்டும் கிடைக்கிறது.

பழைய கார் வாங்கும்போது கூடவே விற்ற நீட்டிப்பு வொறன்ரி இருந்தால் அதன் தாளை எடுத்து வாசியுங்கள். எஞ்சின், கியர்பெட்டி மட்டும் என்று எழுதியிருந்தால் ஸ்டியரிங் சூடு அதில் வராது, விற்றவர் வாயால் என்ன சொல்லியிருந்தாலும். டிரான்ஸ்போட் கனடா தளத்தில் உங்கள் காருக்கு றீகோல் உண்டா என்றும் பாருங்கள். கிளொக் ஸ்பிரிங் கோளாறுக்காகக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டதுண்டு. 2014இல் ரொயோட்டா அப்படி உலகெங்கும் பல இலட்சம் கார்களை அழைத்தது. அப்படி ஒன்று உங்களுக்கு இருந்தால் அந்த வேலைக்குக் காசே இல்லை.

ஆகவே நீங்கள் கராஜில் கேட்க வேண்டியது: "ஒரு மணி நேரக் கூலிக்குச் சோதித்து, கம்பியினதும் உணரியினதும் ஓம் அளவைத் தாளில் எழுதித் தாருங்கள். பாகம் மாற்றுவதை அதன்பிறகு கதைப்போம்." இதற்கு மறுத்தால் அடுத்த கராஜ். வேலை முடிந்து காரை எடுக்கும்போது அங்கேயே நின்று பாருங்கள்: ஸ்டார்ட் செய்தபின் எயார்பாக் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும், ஹோர்ன் அடிக்க வேண்டும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது உரசல் சத்தம் வரக் கூடாது, நேர்ச் சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும். பழைய வளையத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.