தலை திரும்பும் டார்ச்: மலையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று பாதைகளிலும் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகின்றன. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடும். வால்பாறையில் பொழுது சாய்ந்த பிறகு பாடிக்கு, அதாவது தோட்டக் குடியிருப்புக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் யானை நினைப்பு இருக்கும். அதனால் கேரள எல்லையோரத்து வாசகர்களிடமிருந்து டார்ச் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல், தலையைத் திருப்பி வைக்கக்கூடிய சிறிய டார்ச்சைப் பற்றியவை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருக்கிறேன். ஒரு கையில் குடை, மறு கையில் கம்பு. தலை திரும்பும் டார்ச்சுக்குச் சாதா டார்ச்சை விடக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா ஐயா? (போடிமெட்டு)

உங்களுக்குக் கட்டாயம் கொடுக்கலாம். இரண்டு கையும் வேலையாக இருப்பவருக்கென்றே வந்த வடிவம் இது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சட்டையிலும் பெல்ட்டிலும் மாட்டிக்கொண்ட டிஎல்-122 டார்ச்சுக்குத் தலை செங்குத்தாக வளைந்திருக்கும். அது அசையாத தலை. இப்போது வருபவற்றில் தலை ஒரு மூட்டில் திரும்புகிறது. சட்டைப் பையில் கிளிப்பை மாட்டி, தலையைச் சற்றுக் கீழே சாய்த்தால், இரண்டு மூன்று எட்டு முன்னால் தரையில் வெளிச்சம் நிற்கும். டார்ச்சைப் பிடிக்கக் கை தேவையில்லை.

வாங்கும்போது முதலில் அந்த மூட்டைப் பாருங்கள். மொத்த வெளிச்சத்தைச் சொல்லும் லூமென் கணக்கு அப்புறம். டார்ச்சை எரியவிட்டுத் தலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது வெளிச்சம் நடுங்கினால், உள்ளே வயரோ தொடுமுனையோ சரியில்லை. அதை வாங்க வேண்டாம். அடுத்து, தலையை 45 டிகிரியில் நிறுத்தி, கையில் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். தலை தொங்கிப் போனால் மலை இறக்கத்தில் நீங்கள் நடக்கிற நடைக்கும் தொங்கிவிடும். இறுக்கத்தை மட்டுமே நம்பி நிற்கும் மூட்டு நாளாக ஆகத் தளரும். டக் டக்கென்று படிப்படியாக நிற்கும் மூட்டு அதைவிட நம்பகமானது.

கிளிப்பை உங்கள் சட்டையிலேயே மாட்டிப் பாருங்கள். சில டார்ச்சுகளில் கிளிப் இருக்கிற பக்கத்துக்கும் தலை திரும்புகிற பக்கத்துக்கும் பொருத்தமே இருக்காது. மாட்டினால் வெளிச்சம் உங்கள் தாடையில்தான் விழும். அட்டைப் பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தலை 90 டிகிரி திரும்பினால் போதும். ஸ்ட்ரீம்லைட் சைட்விண்டர் போன்ற ராணுவ வகைகளில் வெள்ளையோடு வேறு நிறங்களும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும்கூட உண்டு. தோட்ட வேலைக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

ஆன்லைனில் 10,000 லூமென் என்று போட்டு மலிவாக விற்கிறார்கள். நம்பலாமா? (கூடலூர், தேனி மாவட்டம்)

நம்ப வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச், ஒரே ஒரு பேட்டரி, அதில் அவ்வளவு வெளிச்சம் நின்று எரிய வழியே இல்லை. சின்ன உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ளும் திறன் குறைவு. நல்ல கம்பெனி டார்ச்சே உச்ச வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு, சூடு ஏறியதும் தானாகக் குறைந்துவிடும்.

பெட்டியில் எஃப்எல்1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது 2009-இல் வந்த அமெரிக்க அளவீட்டு முறை. அதன்படி அளந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஆனாலும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு படியுங்கள். எரியும் நேரம் என்று போட்டிருப்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம். எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால், எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி எரியும் என்று பொருள் கொள்ளாதீர்கள். தூரம் என்று போட்டிருப்பது, வெளிச்சம் கால் லக்ஸாக, அதாவது ஏறக்குறைய முழு நிலவொளி அளவுக்குக் குறையும் இடம். 200 மீட்டர் என்றால் 200 மீட்டரில் பாம்பைப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம்.

தோட்டப் பாதையில் நடக்க 100 முதல் 200 லூமென் தாராளம். வீட்டு வாசலில் நின்று தூரத்தில் சத்தம் கேட்கிற இடத்தைப் பார்க்க டார்ச்சில் 500 லூமென் அளவுக்கு ஒரு வெளிச்சப் படி இருந்தால் நல்லது. மிகக் குறைந்த வெளிச்சப் படியும் இருக்கட்டும். தூங்குகிறவர்களை எழுப்பாமல் பையில் தேடும்போது அதன் அருமை தெரியும்.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி நான். நெற்றியில் கட்டுகிற லைட்டுக்குப் பதில் இது சரிப்படுமா அண்ணா? (குலசேகரம்)

சரிப்படாது. மரத்தின் உள் அழுத்தம் விடியலுக்கு முன்தான் அதிகம், பாலும் அப்போதுதான் நன்றாக ஓடும். அந்த இருட்டில் பட்டையைச் சுற்றிச் சரிவாகக் கத்தி போகும்போது உங்கள் கண்ணும் கூடவே போகிறது. வெளிச்சமும் கண்ணோடு திரும்ப வேண்டும். மார்பில் மாட்டிய டார்ச் அதைச் செய்யாது, உங்கள் கையின் நிழலே வெட்டின் மேல் விழும். நெற்றி லைட்டே வைத்துக்கொள்ளுங்கள். பரந்து விழும் வெளிச்சமாகவும் எடை குறைவாகவும் பாருங்கள். ஒரே டார்ச்சை நெற்றிப் பட்டையிலும் சட்டையிலும் மாட்டும்படி எல் வடிவத்தில் வருபவையும் உண்டு. வெட்டு முடிந்து வேறு வேலைக்கும் வேண்டுமென்றால் அதை வாங்கலாம்.

மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் எந்த டார்ச்சும் வேலை செய்வதில்லை. மஞ்சள் வெளிச்சம் வாங்கினால் தெரியுமா? (போடி)

நிறத்தை விட வெளிச்சம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதே முக்கியம். பனித்துளிகளில் பட்டு ஒளி திரும்பி வருகிறது. நெற்றியில் விளக்கு இருந்தால் அது நேரே கண்ணுக்கே வரும், எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கை இடுப்புக்குக் கொண்டுவந்து, டார்ச்சின் தலையைக் கீழே சாய்த்து, வெளிச்சத்தையும் குறைத்துப் பாருங்கள். பாதை தெரியும். தலை திரும்பும் டார்ச்சை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பெல்ட்டில் மாட்டிவிட்டு நடக்கலாம். தாழ்வாக வரும் ஒளியில் கல்லுக்கும் வேருக்கும் நிழல் நீளமாக விழுவதால், பனி இல்லாத நாளிலும் மேடுபள்ளம் நன்றாகப் பிரிந்து தெரியும்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. மான், காட்டுமாடு, சிறுத்தை ஆகியவற்றின் கண் இருட்டில் மின்னுவது, விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நன்றாகத் தெரியும். இடுப்பில் விளக்கை வைத்து நடப்பவர் அதைத் தவறவிடலாம். அதனால் வளைவுகளில் ஒரு முறை டார்ச்சைக் கழற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கி, இரு பக்கமும் பார்த்துவிட்டு நடங்கள். காட்டுப்பன்றிக்கு மட்டும் கண் மின்னாது, அதன் கண்ணில் அந்த மின்னும் படலம் இல்லை. கண் எதுவும் தெரியவில்லை என்பதால் பன்றி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

டார்ச்சில் வெட்டி வெட்டி எரிகிற மோடு இருக்கிறது. யானை வந்தால் அதைப் போட்டு விரட்டலாம் என்கிறார்கள். (வால்பாறை)

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யானை கண்ணில் பளிச்சென்று அடிக்கும் வெளிச்சம் அதை மிரட்டலாம், கோபப்படுத்தவும் செய்யலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. நீங்கள் நிற்கிற இடத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். யானை தெரிந்தால் வெளிச்சத்தைத் தரைக்கு இறக்குங்கள், சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள், தூரத்தைக் கூட்டுங்கள். குட்டியோடு இருக்கும் கூட்டத்துக்கும் தனி ஆண் யானைக்கும் இன்னும் கூடுதல் தூரம் வேண்டும்.

உங்கள் ஊரில் இதற்கென்றே நல்ல ஏற்பாடு இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பு தொடங்கி வைத்த எச்சரிக்கை முறையில் குறுஞ்செய்தி வருகிறது. முக்கியமான இடங்களில் செல்போன் வழியாக எரியவிடும் சிவப்பு விளக்குகளும் இருக்கின்றன. அந்த விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் காத்திருங்கள். எவ்வளவு விலையுள்ள டார்ச்சும் அந்த ஒரு குறுஞ்செய்தி தரும் பாதுகாப்பைத் தராது. யானை எங்கே நிற்கிறது என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்வதுதான் உயிரைக் காக்கிறது. டார்ச் கால் வைக்கும் இடத்தைப் பார்க்க மட்டும்.

டார்ச் வாங்கும்போது, அந்த வெட்டி எரியும் மோடு சாதாரண வெளிச்சப் படிகளுக்கு நடுவில் வராதபடி பார்த்து வாங்குங்கள். பதற்றத்தில் பட்டனை அழுத்தும்போது அது தானாக வந்துவிடக் கூடாது.

பென்சில் பேட்டரியா, சார்ஜ் ஏற்றுகிறதா? தோட்டத்து லயத்தில் கரண்ட் அடிக்கடி போகும். (வண்டிப்பெரியாறு)

இரண்டும் போடக்கூடிய டார்ச் கிடைத்தால் அதுவே உங்களுக்கு ஏற்றது. பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் மலிவான சாதா பேட்டரி வேண்டாம், ஆல்கலைன் வாங்குங்கள். அதையும் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடாதீர்கள், கசிந்தால் தொடுமுனை அரித்துப் போகும்.

சார்ஜ் வகையில் 18650 என்ற பேட்டரி பரவலாக இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இதில் நல்ல பேட்டரியின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணி (எம்ஏஹெச்) அளவில் இருக்கும். 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். சந்தேகம் இருந்தால் மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். உண்மையான 18650 ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் இருக்கும். அதைவிட ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. மெத்தை மேல் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடுவதும், வெயிலில் நிற்கும் ஜீப்பின் முன்கண்ணாடி அருகே வைப்பதும் ஆபத்து.

இன்னொன்று, சில மலிவான டார்ச்சுகள் இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரில் சார்ஜ் ஏறாது. டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி உள்ள வயரில் போட்டுப் பாருங்கள்.

மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதுமா? (குமுளி)

அது தண்ணீர் தெறிப்பதைத் தாங்கும். இடுக்கி மலை மழையில் நாள் முழுக்க நனைபவருக்கு ஐபிஎக்ஸ்7 பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் அளவு அது. தலை திரும்பும் வகையில் மூட்டுதான் தண்ணீர் புக வாய்ப்புள்ள கூடுதல் இடம், அதனால் சேற்றை அங்கே காயவிடாமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை ஈரத்தோடு திறக்காதீர்கள். மூடித் திருகில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் போடலாம், தேங்காயெண்ணெய் வேண்டாம்.

அடியில் காந்தம் உள்ள டார்ச் நல்லதா? (ஜீப் ஓட்டுநர், கம்பம்)

உங்களுக்கு மிக நல்லது. பானட்டில் ஒட்டிவைத்துத் தலையை என்ஜின் பக்கம் திருப்பினால் உதவிக்கு ஆள் வேண்டாம். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் அதைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. போனோடு ஒரே பையில் போட்டால் திசைகாட்டி தவறாகக் காட்டும்.

பாம்பு தெரிய எந்த நிற வெளிச்சம்? (செங்கோட்டை)

நீலம் பாய்ந்த வெள்ளையைத் தவிருங்கள். வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்லும் எண் 4000 முதல் 5000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சருகின் பழுப்பிலிருந்து கண்ணாடி விரியனின் பழுப்பு அதில்தான் கொஞ்சமாவது பிரிந்து தெரியும். சிவப்பு வெளிச்சத்தில் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது என்பது உண்மைதான். ஆனால் அதில் எல்லாமே ஒரே நிறமாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது பயன்படுத்துங்கள், நடக்கும்போது வேண்டாம். காலில் பூட்ஸும் இருக்கட்டும்.

சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறப் போகிறோம். இந்த டார்ச் வாங்க வேண்டுமா? (உத்தமபாளையம்)

அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். கோயில் இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்துக்குள், பக்தர்களைப் பகலில் மட்டுமே விடுகிறார்கள். அடிவாரத்தில் கூடும் விடியற்காலை நேரத்துக்கு வீட்டில் இருக்கும் சின்ன டார்ச் போதும். அந்தக் காசுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீரைக் கூடுதலாக எடுத்துப் போங்கள்.