நாய் போனதுக்கு அப்புறம் மனசு கெடந்து அடிச்சிக்குது: உங்க கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவுல சுங்கை சிப்புட்லருந்து எழுதுறேன். ஈப்போவுல ஒரு நாய் பூனை கிளினிக்ல ரொம்ப வருஷம் டாக்டருக்குப் பக்கத்துல நின்னு வேலை பாத்தேன், இப்ப ரிட்டையர்ட். வியாதியா இருந்த நாய் திடீர்னு போயிட்டா மனசு படுற பாட்டைப் பத்தி கேள்வி கேளுங்கன்னு சொன்னேன், இவ்வளவு பேர் கேப்பீங்கன்னு நெனைக்கல. ஒண்ணொண்ணா வர்றேன்.

கே: அக்கா, எங்க டைகர் ஷெப்பர்ட் கலப்பு, பத்து வயசு. காலையில நல்லா சாப்பிட்டான், சாயங்காலம் எழுந்திரிக்கவே இல்ல, ஈறு வெள்ளையா போச்சு, காடியில ஏத்தி ஈப்போ போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மண்ணீரல்ல கட்டி வெடிச்சிருக்குன்னாங்க. ஒரு மாசமா அப்பப்ப சோர்ந்து படுப்பான், வயசாயிருச்சுன்னு விட்டுட்டேன். நான்தானே கொன்னேன்?

ப: இல்ல தம்பி. நீ சொல்றத பாத்தா அது ஹெமாஞ்சியோசார்கோமான்ற புத்துநோய் மாதிரி இருக்கு, ரத்தக்குழாய்லருந்து கெளம்புறது, ஷெப்பர்ட், கோல்டன், லாப்ரடோர் மாதிரி பெரிய நாய்ங்களுக்குத்தான் அதிகமா வரும். இதோட மோசமான கொணம் என்னன்னா உள்ளுக்குள்ள கொஞ்சமா ரத்தம் கசியும், அன்னிக்கு நாய் சோர்ந்து படுக்கும், அப்புறம் ஒடம்பு அந்த ரத்தத்தை திரும்ப இழுத்துக்கும், மறுநாள் வாலாட்டிகிட்டு வாசல்ல நிக்கும். அதைப் பாத்தா யாரா இருந்தாலும் சரியாயிருச்சுன்னுதான் நெனைப்பாங்க. ஸ்கேன் எடுக்காம வெளியிலருந்து பாத்து கண்டுபிடிக்கிறது டாக்டருக்கே கஷ்டம். சரி, கண்டுபிடிச்சிருந்தாலும்? மண்ணீரலை எடுத்துட்டா கூட பெரும்பாலான நாய்ங்க 1லருந்து 3 மாசம்தான் இருக்கும், கீமோ சேத்து குடுத்தா ஏதோ அரை வருஷம். நீ தவறவிட்டது டைகரோட அஞ்சு வருஷத்தை இல்ல, இதை நல்லா மனசுல வாங்கிக்க.

இன்னொண்ணு. நீ இப்ப முடிவு தெரிஞ்சிகிட்டு பின்னால திரும்பி பாக்குற, அதான் அந்த ஒவ்வொரு சோர்வும் அடையாளமா தெரியுது. அன்னிக்கு உன் கையில இருந்தது ஒரு வயசான நாய், கொஞ்சம் படுத்துது, அப்புறம் சாப்பிட்டுச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு தெரிஞ்சதை வெச்சு மட்டும் உன்னை நீ கேளு, நேத்து தெரிஞ்சதை அங்க கொண்டுபோய் வெக்காத. இது எல்லாருக்கும்தான் சொல்றேன்.

கே: நான் செஞ்சதை வீட்டுல கூட சொல்லல. என் நாய்க்கு காய்ச்சல் மாதிரி இருந்துச்சு, 14 கிலோ இருக்கும், பெனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை ஒண்ணு குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு மூக்குல ரத்தம் வந்துச்சு, கிளினிக்ல உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தை உறைய வெக்கிற ரத்தத்தட்டு (பிளேட்லெட்) ரொம்ப கொறஞ்சிருச்சுன்னு சொன்னாங்க, அன்னிக்கு ராத்திரியே போயிருச்சு. பெனடோல்தானே காரணம்?

ப: கணக்கு போட்டுப் பாப்போம் தங்கச்சி. சாதா பெனடோல் ஒண்ணுல 500 மில்லிகிராம். 14 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 36 மில்லிகிராம் வரும். நாய்க்கு ஈரல் கெட்டுப்போறது பொதுவா கிலோவுக்கு 100க்கு மேல போனாத்தான். அதனால அந்த ஒரு மாத்திரை கொன்னுச்சுன்னு நான் நம்பல. (பூனைக்கு மட்டும் பாதி மாத்திரை கூட குடுத்துறாதீங்க, அதுக்கு அதுவே எமன்.) மூக்குல ரத்தம் வந்தது எர்லிக்கியான்ற கிருமி செஞ்ச வேலை, உண்ணி கடிச்சு பரவுறது, நம்ம ஊரு வெக்கைக்கு வருஷம் முழுக்க உண்ணி இருக்கு, செம்பனைக்குள்ள சுத்திட்டு வர்ற நாய்னு இல்ல, வீட்டுக்குள்ளயே இருக்கிற நாய்க்கும் ஏறும்.

ஆனா அந்த ரெண்டு நாளைப் பத்தி உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கிருமியைக் கொல்ற டாக்ஸிசைக்ளின் மருந்தை சீக்கிரம் ஆரம்பிச்சா பொழைக்கிற நாய்ங்க நிறைய, நான் பாத்திருக்கேன். முன்னாடியே போயிருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூட இருந்திருக்கும், ஆனா ரத்தத்தட்டு அந்த அளவுக்கு எறங்கியிருக்குன்னா வியாதி உள்ள எறங்கி நாளாச்சு, நீ மாத்திரை குடுத்த அன்னிக்கு வந்தது இல்ல. காய்ச்சல்னு நெனச்சு கையில இருந்ததை குடுத்த, கைகழுவி விடல. வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிரு, இதைத் தனியா சொமக்குறதுதான் உன்னை இன்னும் அரிக்குது. வேற நாய் இருந்தா ரத்தப் பரிசோதனை செஞ்சிரு, வெளிய தெரியாமலே மாசக்கணக்கா அந்தக் கிருமி உள்ள இருக்கும்.

கே: என் மகனுக்கு 12 வயசு. கேட்டை சாத்தாம விட்டுட்டான், நாய் வெளிய போயி எஸ்டேட்ல எலிக்கு வெக்கிற மருந்தைத் தின்னுருச்சு. சாகுறதுக்கு மொத நாள் கேட் தெறந்திருந்துச்சு, அதையே சொல்லி சொல்லி அழுவுறான். இல்லடா, கேட் சாத்திதான் இருந்துச்சுன்னு சொல்லிரலாமான்னு இருக்கு.

ப: அப்படி மட்டும் சொல்லாதீங்கம்மா. அவனுக்குத் தெரியும் கேட் தெறந்து இருந்துச்சுன்னு, நீங்க பொய் சொன்னா அது அம்மா சொல்லக்கூட முடியாத அளவுக்குப் பெரிய தப்புன்னு எடுத்துக்குவான். உண்மையே அவனுக்கு ஒத்தாசையா இருக்கு, கேளுங்க. தோட்டத்துல பெரும்பாலும் போடுற எலி மருந்து ரத்தத்தை உறையவிடாம செய்யிற வகை, தின்ன ஒடனே ஒண்ணும் தெரியாது, மூணு நாள், அஞ்சு நாள் கழிச்சுத்தான் நாய் சோர்ந்து போகும், இருமும், ரத்தம் கசியும். உங்க நாய் தின்னது இந்த வகைன்னா, மொத நாள் கேட் தெறந்ததுக்கும் இதுக்கும் அனேகமா சம்பந்தமே இல்ல, அதுக்கு முன்னாடியே எப்பயோ தின்னிருக்கு. டாக்டர் என்ன வகைன்னு சொன்னாரோ அதைக் கேட்டுட்டு, அவன்கூட உக்காந்து நாள் கணக்கு போட்டுக் காட்டுங்க. கேட்டை சாத்துறது வீட்டுல இருக்கிற எல்லாரோட வேலை, பெரியவங்க நாமளும் எத்தனையோ தடவை மறந்திருக்கோம்னும் சொல்லுங்க. அழட்டும், தடுக்காதீங்க. அதைப் பொதைச்ச எடத்துல அவன் கையால ஒரு செடி நடச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு கையில வேலை இருந்தா துக்கம் கொஞ்சம் எறங்கும்.

கே: கிட்னி போயி, ஊசி போட்டு தூங்க வெச்சோம். ஊசி போட்ட அப்புறமும் கண்ணு தெறந்தே இருந்துச்சு, ரெண்டு தடவை மூச்சு இழுத்துச்சு. என்னைப் பாத்துகிட்டே போயிருச்சு அக்கா, ஏன் இப்படி செஞ்சேன்னு கேக்குற மாதிரி.

ப: அந்த ஊசி மயக்க மருந்துதான், அளவு மட்டும் ரொம்ப அதிகம். சில நொடியில நெனவு போயிரும், அதுக்குப் பின்னாடிதான் மூச்சும் நெஞ்சும் நிக்கும். நாய்க்கு செத்தா கண்ணு தானா மூடாது. அந்த மூச்சு இழுக்குறது ஒடம்பு தானா செய்யிறது, அப்ப அதுக்கு வலியும் இல்ல, உன்னைப் பாக்கவும் இல்ல. கிட்னி முக்கால்வாசி போன பிறகுதான் வெளிய தெரியவே வரும்மா, நீ லேட் பண்ணல.

கே: பக்கத்து வீட்டு ஆயா, "உங்க வீட்டுக்கு வந்த கண்டத்தை நாய் எடுத்துகிச்சு"ன்னு சொல்றாங்க. எனக்கு அதைக் கேட்டா இன்னும் குத்துது.

ப: அவங்க ஆறுதலுக்குத்தான் சொல்றாங்க, சில பேருக்கு அது நெஜமாவே ஆறுதல். உனக்கு குத்துதுன்னா நீ அதை எடுத்துக்க வேணாம். நாய்க்கு வியாதி, அதால போச்சு, உன் கடனைக் கட்டப் போகல. "நாய்க்குப் போயி இப்படி அழுவுறியா"ன்னு எவனாச்சும் கேட்டா மட்டும், கூட வந்த நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்குள்ள வரமாட்டேன்னு நின்ன தர்மரை ஞாபகப்படுத்து.

கே: ஒரு மாசமாச்சு. தூக்கம் இல்ல, வேலைக்குப் போக முடியல, நானும் போயிரலாமான்னு கூட தோணுது.

ப: இதுக்கு நான் எழுதுற பதில் பத்தாது கண்ணு. இன்னிக்கே பேசு. மனசு ஒடைஞ்சவங்க பேசுறதுக்குன்னே இருக்கிற பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க, இல்ல சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. கூட இருக்கிற ஒருத்தர்கிட்ட இப்பவே சொல்லு, கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) அவங்களையும் கூட்டிகிட்டு போ. நாய் போனதுக்கு இவ்வளவான்னு டாக்டர் நெனைப்பாரோன்னு கூச்சப்படாத.

கே: பார்வோன்ற வைரஸ் வியாதியில நாய்க்குட்டி போயிருச்சு. வேற குட்டி எப்ப வாங்கலாம்?

ப: அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல, சில எடத்துல ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட கெடக்கும். சிமெண்ட் தரையைக் கழுவிட்டு ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (ப்ளீச்) 30 பங்கு தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் ஊற விடு, பழைய தட்டு, பாய் எல்லாம் தூக்கிப் போட்டுரு. மண் தரைன்னா இதெல்லாம் எடுபடாது. அவசரம்னா எல்லா தடுப்பூசியும் போட்டு முடிச்ச பெரிய நாயா எடுத்துக்க. குட்டிதான் வேணும்னா 16 வாரம் வரைக்கும் தடுப்பூசி தொடர்ச்சியா போட்டு முடியிற வரைக்கும் அதை அந்த மண்ணுல எறக்காத.