எயார் சிலோன் நேர அட்டவணையின் காலம்

மாங்குளத்தில் அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் கிடைத்த, ஆண்டு குறிப்பிடப்படாத விமான நேர அட்டவணையில் ‘எயார் சிலோன்’ என்று விமான நிறுவனத்தின் பெயர் இருப்பதை மட்டும் வைத்து அது 1972க்கு முந்தியதென்று கொள்ள முடியாது. நாட்டின் பெயர் அவ்வாண்டு மே 22இல் சிலோனிலிருந்து ஸ்ரீ லங்காவாக மாறிய பின்பும், அந்நிறுவனம் 1978இல் மூடப்படும் வரை பழைய பெயரிலேயே இயங்கியது. இத்தகைய பழைய அட்டவணைகளை விற்பவர்கள் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்திலுள்ள அலுவலக முகவரியைப் பாருங்கள். அங்கே ‘ஸ்ரீ லங்கா’ என்றிருந்தால் அது 1972க்குப் பிந்தியது. ‘சிலோன்’ என்றிருந்தாலோ முடிவு அவ்வளவு உறுதியல்ல, ஏனெனில் பழைய அச்சுத் தாள்கள் தீரும்வரை பயன்பட்டிருக்கலாம். விமானப் பட்டியலில் டிரைடன்ட் இருந்தால், 1969க்கு முன்னே போகாது.

தயவுசெய்து கிழிசலில் செலோரேப் ஒட்ட வேண்டாம். வன்னி வெயிலில் அதன் பசை இளகித் தாளுக்குள் மஞ்சளாக ஊறிவிடும்.