முகாம் பேட்ஜில் எழுத்து அப்பிக்கொள்கிறதா?

கேள்வி: எங்கள் பள்ளிச் சாரணர் படையின் முகாம் பேட்ஜுக்குப் பிள்ளைகளே படம் வரைந்தார்கள். மூன்று அங்குல வட்டத்தில் மலை, கூடாரம், தீ, உலகச் சாரணர் சின்னம். சுற்றிலும் பள்ளியின் முழுப்பெயர். எம்பிராய்டரி கடையில் தைத்துக் கொடுத்த மாதிரியில் எழுத்தெல்லாம் அப்பிக் கிடக்கிறது. கடையை மாற்றவா, படத்தை மாற்றவா?

பதில்: படத்தைத்தான் சார். வழக்கமான எம்பிராய்டரி நூலின் தடிமனே ஏறக்குறைய 0.4 மி.மீ. அதனால் 1 மி.மீ.க்கும் மெல்லிய கோடு துணியில் சரியாக நிற்காது. ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மி.மீ. உயரத்தில் தப்பித்துக்கொள்ளும். தமிழ் தப்பிக்காது. ண, ஞ, இ போன்றவற்றின் சுழி நூலால் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 7, 8 மி.மீ. கொடுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். மூன்று அங்குலம் என்பது 76 மி.மீ. விளிம்புத் தையல் சுற்றிலும் 3, 4 மி.மீ. தின்றுவிடும். மிச்ச வட்டத்தின் மேல்பாதியில் அந்த அளவு எழுத்து பத்துதான் அமரும். 'அரசினர் மேல்நிலைப் பள்ளி' என்று ஆரம்பித்தால் ஊர்ப்பெயருக்கு இடமே இருக்காது. மேலே ஊர், கீழே ஆண்டு, போதும். முழுப்பெயர்தான் வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடிவாதம் பிடித்தால், சட்டை லேபிள் மாதிரி நெய்த பேட்ஜ் கேளுங்கள். நுணுக்கம் வரும், ஆனால் எம்பிராய்டரியின் புடைப்பு இருக்காது.

அப்புறம் அந்தச் சின்னம். ஊதாவில் வெள்ளை அல்லி, சுற்றிக் கயிறு, கீழே ரீஃப் முடிச்சு (கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டும் தட்டை முடிச்சு). அது பதிவு செய்யப்பட்ட சின்னம். அனுமதி இல்லாமல் போடவோ நிறம் மாற்றவோ கூடாது. அனுமதி வாங்கினாலும் சின்ன அளவில் முடிச்சு வெறும் வெள்ளைக் கட்டியாகத்தான் தெரியும். எடுத்துவிடுங்கள்.

வானத்தைத் தைக்கவே வேண்டாம், கருநீலத் துணியே வானமாக இருக்கட்டும். தையல் எண்ணிக்கை குறைந்தால் செலவும் குறையும். மலைக்கு ஒரு நிறம், கூடாரத்துக்கு ஒன்று, தீக்கு இரண்டு. சாயல் மாறும் வண்ணங்களை நூல் நன்றாகக் காட்டாது.

அணிக்கு அணி வேறுபாடு வேண்டுமானால் விளிம்பு நூலின் நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலும் நான்கு அணிகளை அடையாளம் காட்டியது, தோளில் குத்திய வண்ணக் கம்பளி நூல்தான்.

கோப்பு அனுப்பும்போது தமிழ் எழுத்துகளை, எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக (outline) மாற்றி அனுப்புங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடும். இஸ்திரி போட்டு ஒட்டும் பசை இருந்தாலும் ஓரத்தைத் தைத்துவிடுவது நல்லது; பல சலவைக்குப் பசை தாங்காது.

புது மாதிரி வந்ததும் ஒருமுறை துவைத்துப் பாருங்கள். சிவப்பு நூலிலிருந்து சாயம் இறங்கினால் பாலியஸ்டர் நூலில் தைத்துத் தரச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மொத்த ஆர்டர் கொடுங்கள்.